ஆங்கிலம் சரளமாக வராதவர் கட்டிய கல்லூரி



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேணும் என்று மாணவர் மன்றத்தில் அறிவித்ததுமே ஆளாளுக்கு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவை ஒருவர் எடுத்துக்கொண்டார். காமராஜரை இன்னொருவர். ஜி.டி.நாயுடுவுக்கு இரண்டு பேர் போட்டி! நான் கேட்டு வாங்கிய பெயர் சர் சையத் அகமது கான். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் அலிகார் இயக்கம் என்ற ஒரு சின்னக் கேள்விக்குள் நாமெல்லாம் சந்தித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட பெயர்தான்.

எதுக்கு இவர் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வீட்டில் உருது, தெருவில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். இது எனக்கு மட்டுமான கதை இல்லை. இங்கே ஒவ்வொரு வட்டத்திலும் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் வீடுகள் உண்டு. தமிழே பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பத்தாம் வகுப்பு வரை தமிழில் ஓடிய வண்டி, டிப்ளமோ முதல் வருஷத்தில் ஆங்கிலப் புத்தகத்தில் போய் இடித்து நிற்கிறது. நம்ம சீனியர் ஒருவர் பம்ப்பைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரிந்தவர். ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில், பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டபோது வாயடைத்துப் போய்த் திரும்பி வந்தார். அவருக்கு பம்ப் தெரியும். பம்ப்பைப் பற்றி நாலு சின்ன ஆங்கில வாக்கியம்தான் வரவில்லை.

சரக்கு இருக்கிறது, சொல்லும் மொழி இல்லை. இந்த நோய்க்கு மருந்து தேடி வாழ்நாளில் பாதியைச் செலவழித்தவர் சையத் அகமது கான். அதிலும் அதிசயம், அவருக்கே ஆங்கிலம் சரளமாக எழுதவோ பேசவோ வராது!

டெல்லிப் பிள்ளை

1817 அக்டோபர் 17ஆம் தேதி டெல்லியில் பிறந்தார். முகலாய அரண்மனையோடு நெருங்கிய குடும்பம். அரண்மனை என்றதும் யானை, குதிரை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பாதுஷா செங்கோட்டைக்குள் மட்டும்தான் பாதுஷா. வெளியே ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. தாய்வழித் தாத்தா குவாஜா ஃபரீதுத்தீன் கணிதத்தில் பெரிய கை. தாயார் அஜீஸுன்னிசா கண்டிப்பானவர், பிள்ளையின் படிப்பைத் தாமே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர். பையன் உருது, பாரசீகம், அரபி படித்தான். மாமாவிடம் கணிதம் கற்றான். ஆங்கிலப் பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. அந்த வீடுகளில் அன்று அது வழக்கமும் இல்லை.

1838இல் தகப்பனார் காலமானார். அரண்மனை மானியத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இருபது வயதுப் பிள்ளை கம்பெனி கோர்ட்டில் எழுத்தர் வேலைக்குப் போனார். சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போனார். தேர்வு எழுதி 1841இல் முன்சீப் ஆனார். அந்தக் கோர்ட்டுகளில் நடைமுறை மொழி உருது. அதனால் ஆங்கிலம் இல்லாமலே உத்தியோகம் ஓடியது.

கூடையில் தொங்கிய முன்சீப்

நம்ம மாதிரித் தொழில் படிப்பவர்கள் கேட்டு ரசிக்க வேண்டிய இடம் இது. டெல்லியில் முன்சீப்பாக இருந்தபோது, விடுமுறை நாட்களில் நகரத்துப் பழைய கட்டடங்களை அளந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தார். குதுப்மினார் உயரம் சுமார் 73 மீட்டர். மேலே இருக்கும் கல்வெட்டு எழுத்துகள் தரையிலிருந்து தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? உயரமாகச் சாரம் கட்டி, அதிலே கயிற்றில் ஒரு கூடையைத் தொங்கவிட்டு, அந்தக் கூடையில் தாமே ஏறி உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியெடுத்தார். கீழே நின்ற நண்பருக்கு உயிர் கையில் இல்லை!

அப்படி உருவான நூல் ‘ஆஸாருஸ் ஸனாதீத்’. டெல்லியின் கட்டடங்களைப் பற்றி 1847இல் வெளிவந்தது. முதல் பதிப்பின் நடை அந்தக் கால வழக்கப்படி அலங்காரமும் அடுக்குமொழியுமாக இருந்தது. 1854இல் இரண்டாம் பதிப்பு போட்டபோது அந்த அலங்காரத்தையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு நேரடியான, எளிய உருதுவில் திருத்தி எழுதினார். கட்டடம் எது, எங்கே நிற்கிறது, யார் கட்டினார், கல்லில் என்ன எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நூலை கார்சேன் த தாஸி என்ற பிரெஞ்சு அறிஞர் மொழிபெயர்த்து 1861இல் வெளியிட்டார். லண்டன் ராயல் ஆசியாட்டிக் சொசைட்டி இவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல அலங்காரம் தேவையில்லை, சின்ன வாக்கியம் போதும் என்பதை அவர் தம் சொந்த மொழியிலேயே முதலில் கற்றுக்கொண்டார். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

1857

பெருங்கிளர்ச்சி வெடித்தபோது அவர் பிஜ்னோரில் நீதித்துறை அலுவலர். அங்கிருந்த ஆங்கிலேயக் குடும்பங்களைப் பத்திரமாக வெளியேற்றினார். ஆனால் டெல்லியில் அவர் வீடு சூறையாடப்பட்டது. மாமாவும் மாமா மகனும் கொல்லப்பட்டார்கள். தேடிப் போனபோது தாயார் ஒரு குதிரைக்காரன் வீட்டு மூலையில், குதிரைத் தீனியைத் தின்று, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார். மீரட்டுக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நாளிலேயே அந்த அம்மா கண்மூடினார்.

இவ்வளவு பட்ட மனிதர் அடுத்து என்ன செய்தார்? பேனாவை எடுத்தார். கிளர்ச்சிக்கான காரணங்களை உருதுவில் ஒரு நூலாக எழுதினார். ஆள்பவர்களுக்கு மக்களின் மனம் தெரியவில்லை, சட்டசபையில் ஓர் இந்தியர்கூட இல்லை, அதுதான் மூலக்காரணம் என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். துப்பாக்கி ஓயாத காலத்தில் அப்படி எழுதுவது விளையாட்டில்லை. 500 பிரதிகள் அச்சடித்து, பெரும்பகுதியை இங்கிலாந்துக்கே அனுப்பினார். ஆனால் அது ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தது 1873இல்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவர்களின் மொழியில் அது போய்ச் சேரப் பதினைந்து வருஷம்போல ஆகிவிட்டது. நம்ம சீனியர் நேர்முகத் தேர்வில் நின்ற நிலைக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இரண்டு பத்திப் பத்திரிகை

1864இல் காஸிப்பூரில் இருந்தபோது சயன்டிஃபிக் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் அலிகாருக்கு மாற்றலாக, சங்கமும் கூடவே போனது. வேலை என்ன? ஆங்கிலத்தில் இருக்கும் அறிவியல் நூல்களை உருதுவுக்குக் கொண்டுவருவது. கணிதம், மின்சாரம், விவசாயம், பொருளாதாரம், வரலாறு என்று பல துறை நூல்கள் வந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் ஆங்கிலேயர்களும் உறுப்பினர்கள்.

1866இல் அந்தச் சங்கத்தின் பத்திரிகை பிறந்தது. பெயர் ‘அலிகார் இன்ஸ்டிட்யூட் கெஜட்’. எனக்கு இந்த மனிதரின் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த காரியம் இதுதான். அதில் உருதுவும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகின. ஆங்கிலம் தெரிந்த அதிகாரி ஒரு பத்தியைப் படிப்பார், உருது தெரிந்த குமாஸ்தா இன்னொரு பத்தியைப் படிப்பார். ஆங்கிலம் கற்க நினைக்கும் இளைஞன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தாய்மொழியை அணைத்துவிட்டு ஆங்கிலத்தை ஏற்றவில்லை அவர். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினார்.

நாமும் ஒரு கெஜட் போடலாமா?

அந்த முறையை நம்ம லேப் நோட்டில் பரீட்சித்துப் பார்ப்போம். இந்தப் பகுதி என் சொந்தக் கைவேலை, பெரியவர் மேல் பழி போட வேண்டாம்!

டெக்னிகல் ஆங்கிலத்தில் ரொம்ப அதிகமாக வருவது சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் என்கிற சாதாரண நிகழ்காலம். இயந்திரம் எப்போதும் செய்யும் வேலை, இயற்கையின் விதி, தினசரிப் பழக்கம் எல்லாம் இதில்தான் அடங்கும். தண்ணீர் கொதிப்பதை மூன்று மொழியில் பாருங்க.

எப்போதும் உள்ள விதி என்றால்,
தமிழ்: தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்.
உருது: பானி 100 டிகிரி பர் உபல்தா ஹை.
ஆங்கிலம்: வாட்டர் பாயில்ஸ் அட் 100 டிகிரீஸ்.

இப்போது அடுப்பில் நடப்பது என்றால்,
தமிழ்: தண்ணீர் கொதிக்கிறது.
உருது: பானி உபல் ரஹா ஹை.
ஆங்கிலம்: வாட்டர் இஸ் பாயிலிங்.

கவனிச்சீங்களா? உருதுவில் எப்போதும் நடப்பதற்கு ஓர் உருவம், இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு வேறோர் உருவம். ஆங்கிலத்திலும் அப்படியே. ஆக, உருது வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு அம்மா மடியிலேயே கிடைத்துவிடுகிறது. உபல்தா ஹை என்றால் பாயில்ஸ், உபல் ரஹா ஹை என்றால் இஸ் பாயிலிங். கணக்கு முடிந்தது. தமிழில் விதியைச் சொல்ல நாம் பெரும்பாலும் எதிர்கால உருவத்தை எடுக்கிறோம்: கொதிக்கும், ஓடும், சுற்றும். அதனால்தான் தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர் பேனா, வாட்டர் வில் பாயில் என்று தானாக எழுதப் போகிறது. காரணம் தெரிந்தால் கை தானே திருந்திக்கொள்ளும்.

உருதுக்காரருக்கு வழுக்கும் இடம் வேறு. நான் போகிறேன் என்பது உருதுவில் மைன் ஜாத்தா ஹூன். கடைசியில் நிற்கும் அந்த ஹூன் ஆங்கிலத்தில் ஆம் என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐ ஆம் கோ என்று எழுதுவது அந்த வழியில்தான். விதிக்கும் வழக்கத்துக்கும் ஆம், இஸ் வேண்டாம், ஐ கோ போதும் என்று ஒரு தடவை புரிந்தால் போதும். இன்னொன்று, உருதுவில் பையன் போனால் ஜாத்தா, பெண் போனால் ஜாத்தி. ஆங்கிலத்தில் அந்த வம்பே கிடையாது. ஹீ கோஸ், ஷீ கோஸ், எல்லாம் ஒன்றுதான்.

ஒருமையில் அவன், அவள், அது வந்தால் வினைக்கு ஓர் ஸ் ஒட்டணும். இதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். தமிழில் போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று வால்கள் எத்தனை! அத்தனையையும் நாலு வயதில் கற்றுக்கொண்ட நமக்கு ஒரே ஓர் ஸ் பெரிய சுமையா?

கேள்வி கேட்கும்போது? தமிழில் பம்ப் ஓடுதா என்று ஆ கடைசியில் வரும். உருதுவில் க்யா முன்னால் வரும். ஆங்கிலத்திலும் டஸ் முன்னால் வரும்: டஸ் தி பம்ப் ரன்? பாருங்க, டஸ் வந்ததும் ரன்னுக்குப் பின்னால் இருந்த ஸ் காணாமல் போய்விட்டது. அது எங்கும் ஓடவில்லை, டஸ் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டது!

கடைசியாக வாக்கிய வரிசை. தமிழிலும் உருதுவிலும் வினை கடைசி பெஞ்ச். ஆங்கிலத்தில் அது நடு பெஞ்ச். இனி நம்ம ஊர்ச் சுரங்கத்தை வைத்தே எழுதிப் பாருங்கள். தி வீல் ரொட்டேட்ஸ். தி பக்கெட் கட்ஸ் தி சாயில். தி கன்வேயர் கேரீஸ் தி சாயில். தி பம்ப் லிஃப்ட்ஸ் வாட்டர். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்பதால், சுரங்கத்தில் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. இரவு பகலாக நடக்கும் வேலையைச் சொல்லத்தான் இந்த டென்ஸ். நம்ம சீனியருக்குத் தேவைப்பட்டவை இந்த மாதிரி நாலே வாக்கியம்தான்.

லண்டன் பயணம்

பெரியவரிடம் திரும்புவோம். 1869இல், ஐம்பத்தோரு வயதில், வீட்டை அடமானம் வைத்து, தம் நூல்களை விற்று லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மகன் சையத் மஹ்மூதுக்கு இங்கிலாந்தில் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்திருந்தது. இந்த மகன் பின்னாளில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

லண்டனில் அவரை அசர வைத்தது அரண்மனைகள் அல்ல. வீட்டு வேலை செய்யும் பெண் செய்தித்தாள் படிக்கிறாள், வண்டிக்காரர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பத்திரிகை விரிக்கிறார். இது எப்படி என்று யோசித்தார். அவர்களுடைய எல்லா அறிவும் அவர்களுடைய சொந்த மொழியிலேயே இருக்கிறது, அதுதான் காரணம் என்று கண்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். அதே லண்டனில், நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பற்றி ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுதிய நூலுக்கு மறுப்புக் கட்டுரைகளை உருதுவில் எழுதி, சொந்தச் செலவில் ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து 1870இல் வெளியிட்டார். மொழி வரவில்லை என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை. வரும் மொழியில் எழுதினார், வராத மொழிக்கு ஆள் பிடித்தார். கேம்பிரிட்ஜ் போய்ப் பார்த்தார். மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கி, உண்டு, விளையாடிப் படிக்கும் முறை மனதில் பதிந்தது. 1870 அக்டோபரில் திரும்பினார்.

அலிகார்

திரும்பியதும் எதிர்ப்பு மலைபோல் வந்தது. ஆங்கிலப் படிப்பு மதத்தைக் கெடுக்கும் என்று பயந்தவர்கள் பலர். மார்க்கத் தீர்ப்புகள் அவருக்கு எதிராக வந்தன, மக்காவிலிருந்தும் வந்தது. அவர் அசரவில்லை. 1875 மே 24ஆம் தேதி அலிகாரில் பள்ளி திறந்தது. 1876இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே குடியேறினார். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்.

பணம்? அதுதான் பெரிய கதை. ஊர் ஊராகக் கையேந்தினார். பொருட்காட்சியில் புத்தகக் கடை போட்டு உட்கார்ந்தார். தம் படத்தையே விற்றார். வெள்ளைத் தாடியோடு நாடக மேடையில் ஏறி மாணவர் உதவித்தொகைக்கு வசூல் செய்தார். கட்டடம் எழும்பும்போது கூடவே நின்று மேற்பார்வை பார்த்தார். குதுப்மினாரில் கூடையில் தொங்கியவர் அல்லவா! கல்லூரியில் இந்து மாணவர்களும் படித்தார்கள். அதன் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்ற இந்து மாணவர்தான்.

1878இல் வைஸ்ராயின் சட்டசபையில் இடம் கிடைத்தது. அம்மைத் தடுப்பூசிச் சட்டத்துக்கு அங்கே வாதாடினார். சட்டசபையில் ஓர் இந்தியர்கூட இல்லையே என்று இருபது வருஷத்துக்கு முன் எழுதியவர், தாமே அங்கே உட்கார்ந்தார்.

கொள்கை மாறிய இடம்

இப்போது ஒரு சிக்கலான கேள்வி. தாய்மொழியா, ஆங்கிலமா? சையத் அகமது கான் முதலில் நின்றது தாய்மொழிப் பக்கம். 1867இல் உயர்கல்வியைத் தாய்மொழியில் தரும் பல்கலைக்கழகம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். அது நடக்கவில்லை. அலிகாரில் இரண்டு பிரிவு வைத்தார். ஒன்று ஆங்கில வழி, மற்றொன்று உருது, பாரசீக, அரபி வழி. இரண்டாவது பிரிவில் சேர ஆள் வரவில்லை, சில வருஷங்களில் மூடவேண்டியதாயிற்று. வேலையும் பதவியும் ஆங்கிலம் படித்தவனுக்கே என்று இருந்த காலத்தில் மாணவன் வேறு எங்கே போவான்? 1882இல் கல்விக் குழு முன்னால் சாட்சி சொன்னபோது, உயர்கல்விக்கு ஆங்கிலமே வழி என்ற தம் புதிய முடிவைச் சொன்னார்.

தோற்றுப்போனார் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் கெஜட்டிலிருந்து உருதுப் பத்தியை எடுத்துவிடவில்லை. 1870 டிசம்பரில் தொடங்கிய ‘தஹ்ஸீபுல் அக்லாக்’ என்ற இதழில் எளிய உருது உரைநடையையே வளர்த்தார். ஆங்கிலம் சோற்றுக்கும் உத்தியோகத்துக்கும் உயர்படிப்புக்கும் வேண்டும், சிந்திக்கவும் புரியவைக்கவும் சொந்த மொழி வேண்டும். இரண்டு பத்தியும் இருந்தால்தான் அது முழுப் பத்திரிகை.

குறைகளும் உண்டு

வரலாறு எழுதினால் நல்லதை மட்டும் எழுதுவது மரியாதை ஆகாது. 1885இல் பிறந்த காங்கிரஸை அவர் எதிர்த்தார். உயர்குடிப் பிள்ளைகளின் படிப்பைத்தான் பெரும்பாலும் மனதில் வைத்திருந்தார். பெண்கள் படிப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். இத்தனைக்கும் தம்மை ஆளாக்கியவர் தாயார் என்று எழுதி வைத்தவர்! அலிகாரில் பெண்கள் பள்ளி 1906இல், அவர் மறைந்த பிறகு, ஷேக் அப்துல்லா தம்பதியர் முயற்சியால்தான் வந்தது. நம்ம சகோதரிகள் இதைக் கேட்டு முகம் சுளித்தால் நியாயமே.

கடைசிக் காலமும் சுகமாக இல்லை. 1895இல் கல்லூரி நிதியில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கையாடல் நடந்தது தெரியவந்தது. பிச்சை எடுத்துச் சேர்த்த பணம்! மனிதர் நொறுங்கிப்போனார். 1888இல் சர் பட்டம் பெற்ற அவர் 1898 மார்ச் 27ஆம் தேதி மறைந்தார். கல்லூரி வளாகத்துப் பள்ளிவாசல் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1920இல் அந்தக் கல்லூரி அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அங்கே பாலிடெக்னிக் உண்டு, பெண்களுக்குத் தனி பாலிடெக்னிக்கும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு வந்த அலை

அவர் 1886இல் தொடங்கிய கல்வி மாநாடு ஊர் ஊராகக் கூடியது. 1901இல் சென்னையில் கூடியது. அடுத்த வருஷமே தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம்தான் 1951இல் சென்னை நியூ காலேஜைத் தொடங்கியது. உருது பேசும் மக்கள் நிறைந்த வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. வடக்கே எங்கோ ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி கையேந்தியதன் எதிரொலி இவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது.

நண்பர்களே! ஆங்கிலம் வராதது அவமானம் இல்லை. அது வராததால் தெரிந்ததையும் சொல்லாமல் விடுவதுதான் நஷ்டம். சையத் அகமது கானுக்குக் கடைசிவரை ஆங்கிலம் சரளமாக வரவில்லை. அதற்காக அவர் எந்த வேலையையும் நிறுத்தவில்லை. தமக்குக் கிடைக்காததை அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைக்கச் செய்தார்.

நம்மால் கல்லூரி கட்ட முடியாது. ஒரு நோட்டு வாங்க முடியும். பக்கத்தின் நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் தமிழோ, உருதுவோ, தெலுங்கோ, வீட்டில் பேசுவது எதுவோ அது. வலப்பக்கம் ஆங்கிலம். இன்று ஒர்க்‌ஷாப்பில் பார்த்த ஒரு இயந்திரம், அது செய்யும் வேலை, ஐந்தே வாக்கியம், எல்லாம் சிம்பிள் பிரசன்ட்டில். மூன்றாம் ஆண்டுக்காரர்கள் வாரம் ஒரு நாள் மாலையில் முதலாண்டுத் தம்பி தங்கைகளின் நோட்டைத் திருத்திக் கொடுக்கட்டும். மன்றத்து அறையில் வரும் வாரத்திலிருந்தே உட்காரலாம். நான் வருகிறேன். நீங்களும் வாங்க!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)